வால் வெட்டின பேர்

திண்டுக்கல் கரூர் ரோட்டில் டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு கம்பெனி இருக்கிறது. கோட்டை நெட்வொர்க்ஸ் என்று நீலப் போர்டு. படியேறும்போதே கீழேயிருந்து ரப்பர் நாற்றம் மூக்கைப் பிடிக்கும். அந்த நாற்றத்துக்குள்ளே ஜெயமேரி ஒன்பது வருசம் உட்கார்ந்து வேலை பார்த்தாள். பழகிப்போச்சு என்று வீட்டில் சொல்லிக்கொள்வாள். ஒரு நாள்கூடப் பழகவில்லை. இப்போது அந்தப் பக்கம் டவுன் பஸ்ஸில் போனால்கூட ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள். டயர் பாவம், அது என்ன செய்யும். அவளுக்குக் குமட்டுவது வேறு விசயத்துக்கு.

ஆளைச் சொல்லிவிடலாம். நாற்பத்து மூன்று வயசு. எரியோட்டுக்காரி. அப்பா சூசைராஜுக்கு ரெண்டு ஏக்கர் முருங்கை, கொஞ்சம் கடலை. தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே திண்டுக்கல் போய் எம்.சி.ஏ. முடித்தாள். கூடப் படித்ததுகள் எல்லாம் பெங்களூருக்கு மூட்டை கட்ட, இவள் இனிகோவைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லிலேயே தங்கிவிட்டாள். இனிகோ ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுசன். ஒரே மகள், கிளாரா. பிள்ளை பிறந்து ஆறு வருசம் ஜெயமேரி வீட்டில் இருந்தாள். அப்புறம் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் ஆறு வருசமா என்ன பண்ணினீங்க என்று கேட்டார்கள். பிள்ளை வளர்த்தேன் என்று சொன்னால், அப்படியா என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது எப்படி எரியும் என்று.

சிரிக்காமல் வேலை கொடுத்தது ஆண்டனிராஜ் ஒருத்தர்தான். கோட்டை நெட்வொர்க்ஸ் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயில் பூசையில் முன்வரிசை, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஜெபமாலை. "நம்ம பங்குப் பிள்ளை, நம்ம பாக்காம யாரு பாக்குறது" என்று சொல்லித்தான் அவளை எடுத்தார். பிறகு கிளாராவின் உறுதிபூசுதலுக்கு அவரே ஞானத்தகப்பனாக நின்றார். பிள்ளை தோளில் கையை வைத்துக்கொண்டு ஆயருக்கு முன்னால் நிற்கிற போட்டோ ஜெயமேரி வீட்டு ஹாலில் மாட்டியிருந்தது. நன்றி என்கிறது கழுத்தில் கட்டின கயிறு. இழுக்கிறவன் இழுக்கிற வரைக்கும் அது கயிறு என்றே தெரியாது.

கம்பெனியின் வேலை பெட்டி செய்வது. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. மலைக்கிராமத்து ஆஸ்பத்திரியில் இசிஜி மிஷினோடு அதை மாட்டிவிட்டால், நோயாளியின் நெஞ்சுத் துடிப்புப் படத்தை அது திண்டுக்கல்லில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். அங்கே இதய டாக்டர் பார்த்து, போனில் கூப்பிட்டு, என்ன மாத்திரை கொடுக்கணும், உடனே கீழே இறக்கணுமா என்று சொல்லுவார். நல்ல காரியம்தான். அதில் சந்தேகமே இல்லை. ஜெயமேரியும் அப்படி நம்பித்தான் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தாள்.

சிக்கல் என்னவென்றால் சிறுமலை மாதிரி இடத்தில் லைன் கிடையாது. இருக்கிற ஒரு டவரும் மேகம் இறங்கினால் மூச்சுத் திணறும். அதனால் படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும். வேறு யாரும் பார்க்காதபடி பூட்டியும் அனுப்ப வேண்டும். இதற்கு உலகம் பூராவும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். ரெண்டு மிஷின்கள் பேசத் தொடங்கும் முன்னால், எனக்கு இந்த இந்தச் சுருக்கும் முறை தெரியும் என்று இது ஒரு பட்டியல் நீட்டும். அது ஒரு பட்டியல் நீட்டும். ரெண்டிலும் பொதுவாக இருக்கிற பேரைப் பிடித்துக்கொண்டு ரெண்டும் வேலையை ஆரம்பிக்கும். முறையை எடுத்து வைத்து யாரும் சோதிப்பதில்லை. பேரைத்தான் பார்க்கும். பேர் ஒத்துப்போனால் அந்த நிமிசத்திலிருந்து ஒன்றை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு நம்பும்.

அதனால்தான் பேர் வைப்பதில் கண்டிப்பான விதி. உலகத்துக்கே பொதுவான முறைக்கு மட்டும்தான் வெறும் பேர். இசட்லிப் என்று ஒன்று, அதை எப்படிச் செய்வது என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். நீயாக ஒரு முறை உண்டாக்கினால், தாராளமாக உண்டாக்கிக்கொள். ஆனால் பேருக்குப் பின்னால் ஈமெயில் முகவரியில் வருகிற அந்த அட் குறியைப் போட்டு உன் கம்பெனியின் இணைய முகவரியையும் சேர்த்துவிடு. இது இன்னார் வீட்டுச் சரக்கு என்று எவனுக்கும் தெரியட்டும்.

ஜெயமேரிக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் தெருவில் நாலு சேவியர். கிணத்தடி சேவியர், மில்லு சேவியர், ரெட்டைப்பனை சேவியர், லாரி சேவியர். வெறுமனே சேவியர் என்று சொன்னால் அது கோயில் பீடத்தில் நிற்கிற புனிதர் ஒருத்தர் மட்டும்தான். விதியைப் படித்த அன்றைக்கே, அட இவ்வளவுதானா என்று சிரித்தாள்.

அவளே ஒரு முறை உண்டாக்கினாள். நெஞ்சுத் துடிப்பு திரும்பத் திரும்ப ஒரே வடிவத்தில் வருவதுதானே. அதைத் தெரிந்துகொண்டு சுருக்கினால் பொது முறையைவிட நன்றாகச் சுருங்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று மாசம் மண்டையை உடைத்துக்கொண்டாள். இசட்லிப்பில் ஐம்பது செகண்டு எடுத்த படம் அவள் முறையில் பதினெட்டு செகண்டில் போனது. 'துடிப்பு' என்று பேர் வைத்து, அட் குறி போட்டு, கம்பெனி முகவரியையும் ஒட்டினாள். ஆபீசில் அந்தப் பின்பகுதிக்கு 'வால்' என்று பேர். வாழ்க்கையில் தான் பெற்ற ரெண்டாவது பிள்ளை அது என்று இனிகோவிடம் சொன்னாள். அவர் பாதி புரிந்து முழுசாகச் சந்தோசப்பட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி தன்னுடைய மலைக் கிளைகளுக்கெல்லாம் பெட்டி வேண்டும் என்று டெண்டர் விட்டது. அதில் ஒரு நிபந்தனை: சர்வதேசப் பட்டியலில் இருக்கிற சுருக்க முறை மட்டுமே இருக்க வேண்டும். ஆண்டனிராஜ் அந்தத் தாளோடு அவள் மேஜைக்கு வந்தார்.

"ஜெயமேரி, இந்த வாலை வெட்டிரும்மா."

"வெட்டினா அது வெறும் பேரா ஆயிரும் சார். அப்படி ஒரு பேரு பட்டியல்ல இல்லயே."

"அப்ப பட்டியல்ல இருக்கிற பேரையே வச்சிரு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். "உள்ள இருக்கிறது நம்மளுது, மேல இசட்லிப்னு பேரா? அது பொய் சார். அப்படின்னா நெசமாவே இசட்லிப்பைப் போட்டுருவோம். கொஞ்சம் மெதுவாப் போகும், அம்புட்டுதான்."

"மெதுவாப் போனா வேற கம்பெனிக்காரன் தட்டிட்டுப் போயிருவான். வேகமும் வேணும், பேரும் வேணும்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கப்பா பூட்டு யாவாரம் பாத்தவரு, தெரியும்ல. பட்டறையில பூட்டை மொத்தமா அள்ளிட்டு வருவாரு. வேலூர்க்காரன் வந்தா ஒரு முத்திரை, கேரளாக்காரன் வந்தா ஒரு முத்திரை. எந்தப் பேருக்கு ஊர்ல மவுசோ அந்தப் பேரை அடிச்சுக் குடுப்பாரு. பூட்டு நல்ல பூட்டு. எவனும் திரும்பி வந்து சண்டை போட்டதில்ல. சரக்கு சுத்தமா இருந்தா பேரு எதுவா இருந்தா என்ன?"

"பூட்டு வேற சார். பூட்டோட சாவியையும் சேத்துத்தான குடுத்தாரு உங்கப்பா. இங்க சாவி எதிராளிகிட்ட இருக்கு. அவன் பேரைப் பாத்துத்தான் சாவியை எடுப்பான்."

"எதிராளி யாரு? அந்தப் பக்க மிஷினும் நம்மதான குடுக்கிறோம்? நம்ம பொட்டி, நம்ம மிஷினு. யாருக்குத் தெரியப்போகுது?" அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் உம்பிள்ளைக்கு ஞானத்தகப்பன். உனக்குக் கெடுதலா சொல்லுவேன்?"

அரை நாள் வாதாடினாள். சாயங்காலம் துடிப்பு என்கிற பேரை அழித்துவிட்டு இசட்லிப் என்று இங்கிலீசில் நாலு எழுத்தைத் தட்டினாள். யாரும் அவள் கையைப் பிடித்துத் தட்ட வைக்கவில்லை. ஆறு வருசம் வீட்டில் இருந்தவளுக்கு இன்னொரு தடவை அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்தாள். கையில் என்னவோ பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி ரெண்டு தடவை சோப்புப் போட்டாள்.

டெண்டர் கிடைத்தது. ஆபீசில் எல்லோருக்கும் பிரியாணி. மூன்று வருசம் பெட்டிகள் ஒழுங்காக ஓடின. ஓடுமே, ஏன் ஓடாது. ரெண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னால் அது உண்மை மாதிரியே நடமாடும். எத்தனையோ பேர் பிழைத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெயமேரியும் மெல்ல மெல்ல மறந்தாள். மறந்தேன் என்று இப்போது அவள் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், ஊசிப்போன சாம்பாரை முகர்ந்த முகம்.

போன வருசம் ஐப்பசியில் ஆஸ்பத்திரி தன் பக்கத்து மிஷினை மாற்றியது. வெளியூர்க் கம்பெனி ஒன்றிடம் புதுசு வாங்கினார்கள். கோட்டை நெட்வொர்க்ஸுக்கு ஒரு கடிதம் வந்தது: உங்கள் பெட்டியில் என்ன சுருக்க முறை? ஆண்டனிராஜ் ஜெயமேரியிடம் கேட்கக்கூட இல்லை. பழைய டெண்டர் தாளைப் பார்த்து 'இசட்லிப்' என்று எழுதிப் போட்டுவிட்டார். அவருக்கே மறந்துபோயிருந்ததா, இல்லை மறந்த மாதிரி இருந்தாரா, அந்தக் கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை புது மிஷினை மாட்டினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குச் சிறுமலையில் சடையாண்டி என்று ஒரு மனுசனுக்கு நெஞ்சை அடைத்தது. ஐம்பத்தோரு வயசு, மலைவாழையும் மிளகும் போட்டிருக்கிற ஆள். பொண்டாட்டி சிவனம்மாள் அவரை யாரோ பையனின் டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக் கிளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். அங்கே இருந்தது நர்ஸ் ரோசலின். ஏழு வருசமாக அதே மலையில் வேலை பார்க்கிறவள். இசிஜி எடுத்தாள், பெட்டியில் பட்டனை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. ரெண்டு பக்கமும் பேர் ஒத்துப்போனால் பச்சை எரியும், அப்படித்தான் பெட்டியைச் செய்திருந்தார்கள். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மேகமான நாளில் அது எப்போதும் அப்படித்தான் எரியும் என்று ரோசலின் நினைத்தாள்.

போன் பண்ணினாள். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண், படம் வந்தா டாக்டரே கூப்பிடுவாரு, லைனை விடுங்க என்று வைத்துவிட்டாள். ரோசலின் காத்திருந்தாள். டாக்டர் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் போனது. பதினோரு தடவை அழுத்தியிருக்கிறாள், பாவம். பிறகு பொறுக்காமல் வாழைத்தார் ஏற்றுகிற வேனைப் பிடித்து அவரை ஏற்றி அனுப்பினாள். மலைப்பாதையில் பாதி வளைவு இறங்கும் முன்னாலேயே சடையாண்டி போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரோசலினைச் சஸ்பெண்ட் செய்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவில், இணைப்பு பதினோரு தடவை வந்தது, படம் ஒரு தடவையும் வரவில்லை என்று இருந்தது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே ஒன்றும் கொடுக்காமல் நின்றிருக்கிறாள் என்று அர்த்தம் செய்தார்கள். விசாரணைக்குத் தேதி வைத்தார்கள். மலையில் அவள் நடந்து போனால் காறித் துப்பினார்கள்.

பெட்டியைக் கீழே கொண்டுவந்து ஜெயமேரி மேஜையில் வைத்தார்கள். அதிலிருந்த பதிவைத் திறந்தாள். பதினோரு வரி. ஒவ்வொரு வரியிலும், ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட முறை இசட்லிப். வேறொன்றும் இல்லை. இந்தப் பக்கத்துப் பெட்டி அவளுடைய துடிப்பு முறையில் கட்டி அனுப்பியிருக்கிறது. அந்தப் பக்கத்து மிஷின் நிஜ இசட்லிப்பில் அவிழ்த்துப் பார்த்துக் குப்பை என்று தூக்கிப் போட்டு லைனை அறுத்திருக்கிறது. பதினோரு தடவை. அவளுக்கு மூச்சு விடுகிற நேரத்துக்குள் எல்லாம் விளங்கிவிட்டது. பாத்ரூமுக்குப் போய் காலையில் சாப்பிட்ட இட்லியை வாந்தியெடுத்தாள்.

திரும்பி வந்தால் ஆண்டனிராஜ் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பதினோரு வரியைப் படித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"பாத்தியா, ரெண்டு பக்கமும் ஒரே பேரு. நம்ம பொட்டி மேல ஒரு குத்தமும் இல்ல."

"சார், அந்தப் பேரு..."

"பேரு எங்க பேசணுமோ அங்க பேசும். நீ பேச வேணாம்." ஒரு கடிதத்தை நீட்டினார். இணைப்பு கிடைத்தது, சுருக்க முறை சரியாக ஒத்துக்கொள்ளப்பட்டது, படம் பணியாளரால் ஏற்றப்படவில்லை. கீழே தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஜெயமேரி என்று அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "செவ்வாக்கிழமை விசாரணை. அதுக்குள்ள போட்டுக் குடு."

இதைவிடக் கேவலம் மறுநாள் நடந்தது. ரோசலினே ஆபீசுக்கு வந்துவிட்டாள். முப்பது வயசு இருக்கும். தலை சீவாமல் வந்திருந்தாள். ஆண்டனிராஜ் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்.

"மனுசனுக்கு மறதி சகஜம்மா," என்றார், பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார் குரலில். "அவசரத்துல படத்தை ஏத்தாம பட்டனை அழுத்தியிருப்ப. ஒத்துக்கிட்டா லேசா விட்ருவாங்க. நானும் ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை சொல்றேன். உனக்காக ஜெபிக்கிறேன்."

ரோசலின் டீயைத் தொடவில்லை. ஜெயமேரி பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்கதான் இந்தப் பொட்டியைச் செஞ்சவங்களாமே. நான் படத்தை ஏத்தித்தான் அழுத்தினேன்னு நெனைக்கிறேன். பச்சை எரிஞ்சுச்சு. ஆனா எல்லாரும் சொல்றதைக் கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே தெரியலக்கா. நான் ஏத்தலயோ? நான்தான் அவரைக் கொன்னுட்டனோ?"

ஜெயமேரி உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாம், அவளுக்கு மரியாதையாக இருக்கும். ஆனால் அவளே மறைப்பதில்லை, நாம் ஏன் மறைக்க வேண்டும். ஆண்டனிராஜ் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ரோசலினின் முகத்தைப் பார்த்து, "தெரியலம்மா, பாத்துச் சொல்றேன்" என்றாள். ரோசலின் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். ஜெயமேரிக்குத் தன் வாயைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது. தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு.

வீட்டில் இனிகோவிடம் எல்லாம் சொன்னாள். அவர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார்.

"நீ கையெழுத்துப் போடாத மேரி. லீவு போட்டுட்டு எரியோட்டுக்குப் போயிரு. ஒண்ணும் சொல்லவும் வேணாம், பொய்யும் சொல்ல வேணாம்."

"நான் சொல்லலன்னா அந்தப் பதினோரு வரி பேசுங்க. அது பேசினா அந்தப் பிள்ளைதான் குத்தவாளி. அந்தப் பேரு பொய்னு அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. தெரிஞ்சது எனக்கும் அந்த ஆளுக்கும்தான். அந்த ஆளு சொல்ல மாட்டாரு."

"வேலை போயிரும். கிளாரா காலேஜுக்குப் போகப்போற நேரம். போலீசு வரைக்கும்கூடப் போகலாம்."

"போகலாம்," என்றாள். எழுந்து போய் ஹாலில் மாட்டியிருந்த உறுதிபூசுதல் போட்டோவைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் துணி அலமாரிக்கு மேலே கவிழ்த்துப் போட்டாள். அன்றைக்குக் குழம்பை அவர்தான் சூடுபண்ணினார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. ஆஸ்பத்திரி மூணாம் மாடியில் ஏசி போட்ட அறை, நீள மேஜை. அந்தப் பக்கம் நிர்வாகி, இதய டாக்டர், ஒரு வக்கீல். இந்தப் பக்கம் ரோசலின். சுவரோரமாக ஒரு நாற்காலியில் சிவனம்மாள், கழுத்து வெறுமையாக, காலில் செருப்பில்லாமல். ஆண்டனிராஜ் ஃபைலோடு ஜெயமேரி பக்கத்தில். கடிதம் கையெழுத்தாகாமல் அவள் கைப்பையில் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

நிர்வாகி பதினோரு வரியை வாசித்தார். "ரெண்டு பக்கமும் இசட்லிப்னு தெளிவா இருக்கு. அப்ப சாதனத்துல பிரச்சினை இல்ல. சரிதானம்மா?"

"இல்ல சார்," என்றாள் ஜெயமேரி. "எங்க பொட்டி சொன்ன பேரு பொய். உள்ள இருக்கிறது வேற முறை. பேரை மாத்தி எழுதினது நான்."

ஆண்டனிராஜ் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். இவ்வளவு வருசத்தில் முதல் தடவையாக அவரிடமிருந்து அடிக்கிற சந்தன வாசனை அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"மனசு சரியில்ல சார் அவுங்களுக்கு," என்றார் அவர். "ரெண்டு நாளா லீவு வேற கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

வக்கீல் கேட்டார், "நீங்க சொல்றதுக்கு ஆதாரம்? காகிதத்துல ஒரே பேருதான இருக்கு."

ஜெயமேரி லேப்டாப்பைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். அன்றைக்குப் பெட்டி அனுப்பப் பார்த்த கட்டு, பெட்டியின் நினைவகத்திலேயே கிடந்தது. முதலில் அதை நிஜமான இசட்லிப்பில் அவிழ்த்துக் காட்டினாள். திரையில் பிழை என்று ஒரு வரி வந்தது. அப்புறம் தன்னுடைய துடிப்பு முறையில் அவிழ்த்தாள். ஒரு செகண்டு ஆனது. கோடு கோடாகச் சடையாண்டியின் நெஞ்சு திரையில் விரிந்தது. மேலே பேர், வயசு, தேதி, காலை பத்து மணி இருபத்து மூன்று நிமிடம். ரோசலின் ஏற்றின படம்.

இதய டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதைப் பாத்திருந்தா அங்கேயே மருந்து சொல்லி உடனே இறக்கியிருப்பேன்," என்றார்.

ரோசலின் மேஜையில் தலையை வைத்து அழுதாள். "நான் ஏத்தினேன், நான் ஏத்தினேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அழுதாள். ஆண்டனிராஜ் எழுந்தார். ஃபைலை அடுக்கினார். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது சார். டெக்னிக்கல் எல்லாம் இந்தம்மாதான் பாத்துக்கிட்டாங்க. நான் நம்பிட்டேன். இனிமே இவுங்க எங்க கம்பெனியில இல்ல" என்று அந்த இடத்திலேயே சொன்னார். சொல்லிவிட்டுச் சிவனம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நிர்வாகி ஏதேதோ எழுதினார். நர்ஸ் மேல் குற்றமில்லை, சாதனங்களை நிறுத்தி வைக்க வேண்டும், தவறான பேர் கொடுத்தது பற்றி மேல் நடவடிக்கை. விசாரணை முடிந்தது என்று எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அப்போது சுவரோரத்திலிருந்து சிவனம்மாள் எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். திரையில் இன்னும் கிடந்த கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தாயி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது," என்றாள் ஜெயமேரியிடம். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பொய்ப் பேரு வைக்காம, உம்பேரையே, நீ மொதல்ல வச்ச பேரையே விட்டிருந்தா அன்னைக்கு என்ன ஆயிருக்கும்?"

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த படித்தவர்கள் மூணு பேருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. ஜெயமேரிக்கு அதன் பதில் பெட்டியைத் திறந்த அன்றைக்கே தெரியும். கட்டின புருசனிடம்கூட அதைச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரி மிஷினுக்கு அந்தப் பேரு தெரியாதும்மா," என்றாள். "தெரியாத பேருன்னா, அப்ப சுருக்கவே வேணாம், இருக்கிறபடியே அனுப்புன்னு ரெண்டு மிஷினும் முடிவு பண்ணிரும். அதுக்கும் விதி இருக்கு."

"வந்து சேந்துருக்குமா?"

"சேந்துருக்கும். மெதுவா வந்துருக்கும்."

"எம்புட்டு நேரம்?"

ஜெயமேரி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "நாலு நிமிசம்."

சிவனம்மாள் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நாலு நிமிசம்," என்றாள் சிவனம்மாள். "நாங்க அங்க பெஞ்சில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம் தாயி. கெளம்பிருவோம் கெளம்பிருவோம்னு எந்திரிச்சாரு. பச்சை எரியுது, செத்த நேரம் பொறுங்கன்னு நான்தான் அவரைக் கையைப் புடிச்சு உக்கார வச்சேன்."